நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த சொல்

"சொன்னதையே இன்னொரு தரம் சொல்லச் சொன்னா உனக்கு மூக்கு நுனியில கோவம் வந்து நிக்குது. நீ நாலு பேருக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கப் போறியா? நல்லாத்தான் இருக்கும், போ!"

அத்தை இதைச் சொன்னபோது கெம்போங் மீனுக்குச் செவுள் கிள்ளிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்பாவின் தங்கையான அவருக்கு, என்னைத் திட்ட முகம் பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அன்று காலையில்தான், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த லெட்சுமியக்கா குழாயடியில் என்னை நிறுத்தி, இஸ்திரிப் பெட்டிக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். சொன்னேன். வாளி நிறைவதற்குள் இன்னொரு முறை கேட்டார். சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது, "காதை எங்கக்கா வச்சிட்டு வந்தீங்க?" என்றேன். அத்தை சமையற்கட்டு ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா முனிசிபாலிட்டியில் ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறவர். என் சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிட அரைச் சாண் உயரத்தில் மாட்டியிருந்தார். அதன் கீழே தினமும் நடமாடுகிற பெண்ணுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. மறைக்கப் போவதில்லை. இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் என் முதல் பள்ளிச் சப்பாத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "எப்போதும் உங்கள் வெற்றிகளையே எழுதுகிறீர்களே" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே இந்த வாரம் என் தோல்வி ஒன்று.

கொடி இறங்கியது

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரம், வந்து இரண்டு மூன்று மழைக்காலம் போயிருக்கும். கிளேபாங் கடலோரத்தில் இருந்த பங்களாக்களில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குடும்பங்கள் வாடகைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"கொடியை இறக்கினாங்க, சரி. படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போகலையே!" என்று அப்பா சிரிப்பார்.

அப்பாவுக்கு அது வேடிக்கை. நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் பல பெண்களுக்கு அது வேலை. துவைக்க, இஸ்திரி போட, படுக்கை விரிக்க, பிள்ளை தூக்க ஆள் கேட்டார்கள். ஒரே நிபந்தனை, சொன்னால் புரிய வேண்டும்.

லெட்சுமியக்காவுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். கணவர் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றது. இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் பின்னறைக்கு வந்தார். மூத்தவள் மூன்றாம் வகுப்பு, இளையவள் முதல் வகுப்பு. இப்போது எங்களுக்கும் அவருக்கும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

கிளேபாங்கில் ஒரு துரைசாணி ஒரு வாரம் வேலை பார்க்கச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் பங்களாவின் பின்னால் ஓர் அறை கிடைக்கும், பிள்ளைகளும் கூட இருக்கலாம், அதே பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் சிகாமட் பக்கம் உள்தோட்டத்தில் அண்ணன் வீடு. அங்கே பள்ளிக்கூடம் இல்லை. மூத்தவள் கையில் நோட்டுக்குப் பதிலாக வாளி வரும்.

எழுத்தில்லாத வகுப்பு

அத்தை சொன்ன சொல்லுக்காகவே நான் வகுப்பைத் தொடங்கினேன் என்றால் பொய்யாகாது. ரோஷம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

செவ்வாய், வியாழன் மத்தியானம். எங்கள் முன்னறையில் தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிப் பாயை விரித்தால் அதுதான் வகுப்பு. நான்கு பெண்கள். அவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் லெட்சுமியக்கா. இன்னொருவர் அடுத்த தெருக் காமாட்சியக்கா.

காமாட்சியக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறித் தமிழை மறந்துவிட்ட செட்டி சமூகத்துப் பெண். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயா சட்டையும் சரோங்கும் உடுத்தி, நெற்றியில் விபூதி வைத்திருப்பார். மாரியம்மன் கோயிலில் அவருக்குத் தெரியாத சடங்கு கிடையாது. ஆனால் பேச்செல்லாம் அவர்கள் வீட்டு மலாய்தான். அதை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். துரைசாணிகளுக்குத் தன் பலகாரங்களை விற்க வேண்டும் என்று வந்தவர். பாடம் படிக்க வரும்போதெல்லாம் ஒரு தட்டு கொண்டுவருவார். அந்தப் பாண்டான் இலை மணம் அடிக்கும் அறையில் நான் கொஞ்சம் அதிகமாகவே பொறுமையாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நால்வருக்கும் எழுத்துத் தெரியாது. ஆகவே நானே ஒரு முறையைக் கண்டுபிடித்தேன், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். தமிழும் கிடையாது, மலாயும் கிடையாது. காரியத்தைச் செய்து காட்டுவேன், சொல்லைச் சொல்வேன். வாளியில் துணியை அமுக்கி 'வாஷ்'. கொடியில் போட்டு 'ட்ரை'. மடித்து 'ஃபோல்ட்'. அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். லெட்சுமியக்காதான் முதலில் பிடித்துக்கொள்வார். குழாயடியில் மறந்தவர் பாயில் உட்கார்ந்தால் மறப்பதில்லை.

திட்டு என்று நினைத்த சொல்

இந்த இடத்தில், நான் சின்ன வகுப்பில் படித்த நாட்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு முதலில் வாய்த்த இங்கிலீஷ் சொற்களில் ஒன்று 'அகெய்ன்'. கான்வென்ட்டில் கையெழுத்துப் பாடம் நடத்திய சிஸ்டர் அதைத் தவிர வேறு சொல்லே பேச மாட்டார் என்று நினைத்திருந்தேன். என் பலகைக்கு மேல் நிழல் விழும். சோப்பு மணம் வரும். ஒரு விரல் என் எழுத்தின் மேல் தட்டும். "அகெய்ன்." நான் அழித்துவிட்டு எழுதுவேன். கோணல் போகாது. "அகெய்ன்."

ஒழுங்காக எழுதுகிற பிள்ளைகளிடம் சிஸ்டர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. ஆகவே இரண்டாம் வகுப்பு முடியும்வரை, 'அகெய்ன்' என்றால் 'மக்கு' என்றே அர்த்தம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டில் பூனை பாலைக் கொட்டியபோது அதைப் பார்த்து "அகெய்ன்!" என்று கத்தினேன். அப்பா பெருமையாகச் சிரித்தார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பூனைக்கும் தெரியாது.

இவ்வளவையும் அனுபவித்தவள், அதே சொல்லைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு துண்டு, மூன்று தடவை

துரைசாணிகள் வாயில் அடிக்கடி வரும் சொல் என்பதால் அன்றைய பாடமாக 'அகெய்ன்' எடுத்தேன்.

ஒரு குளியல் துண்டை எடுத்து மடித்தேன். "ஃபோல்ட்." பிறகு அதை உதறி விரித்தபடியே, "அகெய்ன்!" என்றேன். மடித்தேன். மறுபடி உதறினேன். "அகெய்ன்!" மடித்தேன். மூன்றாம் முறையும் அப்படியே. உதறும் சத்தமும் சொல்லும் ஒன்றாக விழும்போது கேட்க நன்றாக இருந்தது. நால்வரும் கோரஸாகச் சொன்னார்கள்.

"இதுக்கு நம்ம பேச்சுல என்ன?" என்று லெட்சுமியக்கா கேட்டார்.

என் விதிப்படி தமிழ் கூடாது. ஆனால் கேட்டது சான்றிதழுக்கு உரியவளை ஆயிற்றே. "மறுபடியும், திரும்பவும், மீண்டும், இன்னொரு தரம், எல்லாந்தான்" என்று அடுக்கினேன். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஏதாவது தங்கியிருக்கும்.

காமாட்சியக்கா வாயில் பலகாரத்தோடு சிரித்தார். "உங்க ஆளுங்களுக்கு ஒண்ணுக்கு நாலு சொல்லா? எங்க வீட்டுல 'லாகி' ஒண்ணுதான். சோறு இன்னும் வேணுமா, லாகி. மழை இன்னும் பெய்யுதா, லாகி. போன புருஷன் திரும்ப வந்துட்டானா, அதுக்கும் லாகி."

எல்லோரும் சிரித்தோம். வகுப்பு நன்றாக நடந்தது என்று சான்றிதழின் கீழே நின்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே கலைக்கச் சொல்கிறார்

லெட்சுமியக்கா திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மறுநாள் செவ்வாய், வகுப்பு நாள். பாதி மத்தியானத்திலேயே திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"நோ டுமாரோன்னுட்டாங்க" என்றார்.

'டுமாரோ' நான் சொல்லிக் கொடுத்த சொல். 'நோ'வுக்குப் பாடம் தேவைப்படவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"அவுங்களுக்கு ஏதோ கோளாறு டீச்சர். நல்ல மனுஷிதான், ஆனா கோளாறு. நேத்து இஸ்திரி போட்டு, எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி வச்சேன். வந்து பார்த்துட்டு, முகமெல்லாம் சிரிப்பு. நீளமா என்னமோ சொன்னாங்க. நடுவுல 'அகெய்ன்'னாங்க. சரின்னு அவ்வளவையும் உதறிட்டு மடிச்சேன். அப்படியே நின்னு பார்த்தாங்க. இன்னிக்குப் படுக்கை. சுருக்கமில்லாம விரிச்சேன். சிரிச்சாங்க. 'அகெய்ன்'. உருவிப் போட்டு மறுபடி விரிச்சேன். சிரிப்பு போச்சு. அப்புறம் மேசை. தட்டு, கரண்டி எல்லாம் வச்சு முடிச்சேன். ஓடி வந்து, தலையில கை வச்சுக்கிட்டு, 'நாட் அகெய்ன், நாட் அகெய்ன்'னு கத்துறாங்க. நானும் எடுத்து எடுத்து வைக்கிறேன். அவுங்க கத்தக் கத்த நான் இன்னும் வேகமா எடுக்கிறேன்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. இன்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அழகாக இருக்கிறது, இதே மாதிரி இன்னொரு நாளும் செய் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்.

புரிந்ததும் முதலில் வந்தது கோபம்தான். "அப்படியா நான் சொல்லிக் கொடுத்தேன்? முடிஞ்ச வேலையைக் கலைக்கச் சொன்னேனா?"

லெட்சுமியக்கா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்தார். "ஃபோல்ட்" என்றார். பிறகு படாரென்று உதறினார். "அகெய்ன்."

"பெத்துல்" என்றார் காமாட்சியக்கா, ஆமாம் என்று தலையாட்டியபடி. "அப்படியேதான் செஞ்சே நீ. நானும் உதர்றதுக்குத்தான் அந்தப் பேருன்னு நினைச்சேன்."

மற்ற இருவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நான் உதறும்போது அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர்கள் உதறலைக் கற்றுக்கொண்டார்கள். நான்கு பேரும் நான் காட்டியதை அச்சாகப் பிடித்திருந்தார்கள். அவ்வளவு நல்ல மாணவிகள்.

பஸ்ஸில் ஒரு கேள்வி

மறுநாள் காலை லெட்சுமியக்காவைக் கூட்டிக்கொண்டு கிளேபாங் பஸ் ஏறினேன். அப்பா தடுத்தார். "வெள்ளைக்காரி வீட்டுக்குப் போய் என்னன்னு பேசுவ?"

"இங்கிலீஷ்ல பேசுவேன்" என்றேன். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் ஒன்று உறைத்தது. கான்வென்ட்டில் சிஸ்டர்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் கேட்பார்கள், நான் பதில் சொல்வேன். நானாக ஓர் இங்கிலீஷ்க்காரியின் கதவைத் தட்டி முதல் வாக்கியத்தைத் தொடங்கியது கிடையாது.

தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. லெட்சுமியக்கா முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"ஏன் தங்கச்சி, அந்தச் சொல்லுக்கு முதல் தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவுல ஒரு ராத்திரி இருக்கலாமா?"

"இருக்கலாம்க்கா. ஒரு வருஷம்கூட இருக்கலாம்."

"அப்ப முதல்ல செஞ்சதைக் கலைக்க வேணாமா?"

"வேணாம். அது அப்படியே இருக்கும். அதே வேலையை வேற நாள், வேற நேரம் செஞ்சாலும் அதே சொல்தான்."

"வாராவாரம் கோயிலுக்குப் போறோமே, அது?"

"அதுவும்."

"போன மாசம் வந்த காய்ச்சல் இந்த மாசமும் வந்தா?"

"அதுக்கும் சொல்லலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். நான் இரண்டு மணி நேரம் துண்டை உதறிச் சொல்லாததை, அவர் நான்கு கேள்வியில் என்னிடமிருந்து வாங்கிவிட்டார்.

கதவு

துரைசாணிக்கு முப்பது வயது இருக்கலாம். வெயிலில் சிவந்த கழுத்து, இடுப்பில் ஒரு குழந்தை. லெட்சுமியக்காவைப் பார்த்ததும் முகம் இறுகியது. வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டதாகவும், சனிக்கிழமை வருகிறாள் என்றும் சொன்னார்.

நான் பஸ்ஸில் மனத்துக்குள் நான்கு அழகான வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்: "தப்பு இவருடையது இல்லை, அம்மா. என்னுடையது. நான்தான் இவருக்கு ஆசிரியை. அந்தச் சொல்லை நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்."

இங்கிலீஷில் நான் அதுவரை எழுதிய எந்தக் கட்டுரையிலும் அவ்வளவு கஷ்டமான வாக்கியம் இருந்ததில்லை. அவ்வளவு எளிமையானதும் இருந்ததில்லை.

"நீ ஆசிரியையா? உனக்கு என்ன வயது?"

"பத்தொன்பது."

துண்டின் கதையைச் சொன்னேன். கையாலும் செய்து காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "இவள் என்னைக் கேலி செய்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! நான் பாராட்டப் பாராட்ட இவள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டாள்" என்றார்.

அப்படியும் முடிவை மாற்றிக்கொள்வதாகச் சொல்லவில்லை. கதவு பாதி திறந்தபடியே நின்றது.

அப்போது லெட்சுமியக்கா என்னைத் தாண்டி ஓர் அடி முன்னால் வந்தார். ஒரு விரலால் வீட்டுக்குள் காட்டினார். அவருடைய இங்கிலீஷை அப்படியே தருகிறேன்.

"டுடே, பெட். ஸ்லீப். டுமாரோ, பெட் அகெய்ன்." பிறகு, இல்லாத ஒரு போர்வையை இரண்டு கையாலும் உருவிப் போடுவது போலக் காட்டி, தலையைப் பலமாக ஆட்டினார். "திஸ், நோ. ஃபினிஷ்."

துரைசாணி வாய்விட்டுச் சிரித்தார். குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தது. சனிக்கிழமைவரை பார்க்கலாம் என்று கதவை முழுசாகத் திறந்தார். நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

அடுத்த மூன்று நாளும் அக்கா இருட்டு விலகும் முன்பே கிளம்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கப் பயம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து, மேசை மேல் ஒரு சாவியை வைத்தார். பங்களாவின் பின்னறைச் சாவி. அத்தை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்ல பூட்டுதானா? வயசுக்கு வரப்போற புள்ளைங்க" என்றார். மூத்தவள் மட்டும், "அங்கேருந்து பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள்.

புக்கிட் ரம்பாய்

லெட்சுமியக்கா வேலை நிலைத்த செய்தி, அவருடைய நாத்தனார் இருக்கும் புக்கிட் ரம்பாய் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்தும் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். கிளேபாங்குக்கு வேலைக்கு வர விருப்பம், பேச்சுத்தான் தெரியாது, டீச்சர் வருவாரா என்று.

நேரடி பஸ் கிடையாது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடையில் பழைய பெண்கள் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரண்டு முறை வடிகாலில் விழுந்தேன். காமாட்சியக்கா ஒவ்வொரு முறையும் தன் வாசலிலிருந்து "லாகி!" என்று கத்தினார்.

ஒரு திங்கட்கிழமை புக்கிட் ரம்பாயில் முதல் வகுப்பு நடத்தினேன். ஒன்பது பெண்கள், தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகையான ஒரு காலி ஆயக்கொட்டாய், தரையெல்லாம் சாக்கு. ஆறு சொற்கள்தான் எடுத்தேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"உட்காருங்க" என்றேன். "நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்னு இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். அவர் உட்கார்ந்திருந்த சாக்கில் போய் நான் உட்கார்ந்தேன்.